மூடிய கடல் யாருக்கு மீன் தருகிறது?

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பார்களையும் 1986-ல் அரசு கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பவளக்கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டிவந்த கடற்கரையில் இப்படியொரு வேலி தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. அந்தத் தீவுகளில் இரண்டு இன்று நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. வேலியால் இழந்தவர்கள் யார் என்பதிலும் ஐயமில்லை. தீவோரத்தில் பாசி எடுத்த பெண்களுக்கும், நாட்டுப்படகில் போய்த் தூண்டில் போட்ட குடும்பங்களுக்கும் அந்தப் பார்கள்தான் அன்றாட வருமானம். உலகில் எங்கு கடல் சரணாலயம் அமைந்தாலும் கரையில் இருப்பவர்களுக்கு ஒரே ஆறுதல்தான் சொல்லப்படுகிறது: உள்ளே மீன் பெருகும், பெருகியது வெளியே வரும், வந்தது உங்கள் வலையில் ஏறும். கேட்க ஆறுதலாக இருந்தாலும் இது ஒரு வாக்குறுதி. கொடுத்தவர் அதை மெய்ப்பித்துக் காட்டக் கடன்பட்டவர். மெய்ப்பிக்க வழியும் இருக்கிறது. பார் மீன்கள் முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் சில வாரங்கள் எங்கே போகின்றன, எப்படி வளர்கின்றன, எந்தப் பாரில் வந்து அடைகின்றன என்று ஆராய்வதுதான் அந்த வழி. அதற்குப் பணமும் பொறுமையும் ஒதுக்காமல் சரணாலயத்தின் எல்லைக்கோட்டை மட்டும் காவல் காப்பது, வாக்குக் கொடுத்தவர் கணக்குக் காட்ட மறுப்பதற்குச் சமம் என்பதே என் வாதம்.

கிளிமீனோ கலவாவோ விளமீனோ, வளர்ந்தபின் பெரும்பாலும் ஒரு பாரையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்பியே வாழும். பெரிய இடப்பெயர்ச்சி பிறந்த கையோடு நடந்து முடிந்துவிடுகிறது. அந்தி நேரத்தில் பார் ஓரமாக மேலெழும்பி மீன்கள் நீரில் விடும் முட்டை பல இனங்களில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. ஓரிரு நாளில் பொரிந்து வரும் லார்வாவுக்கு வாய் திறந்திருக்காது; கண்ணில் நிறம் ஏறியிருக்காது; உடல் ஊடுருவித் தெரியும். வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கரு தீர்வதற்குள் அது முதல் இரையைப் பிடித்தாக வேண்டும். கோமாளி மீன் போன்றவை முட்டையைப் பாறையில் ஒட்டிவைக்கும்; ஆண் மீன் அதைக் காவல் காக்கும். ஆனாலும் பொரிந்ததும் குஞ்சுகள் திறந்த கடலுக்குப் போய்விடும். அங்கே அவை தங்கும் காலம் இனத்துக்கு இனம் மாறும். கோமாளி மீனுக்கு ஏறத்தாழ 11 நாள், ஒருவகை வண்ணத்துப்பூச்சி மீனுக்கு 38 நாள், வாலடியில் கத்தி முள் கொண்ட அகாந்தூரிட் மீன்கள் சிலவற்றுக்கு இரண்டு மாதம். இந்த இடைக்காலத்தில் அவற்றுக்குப் பெற்றோரின் சாயலே இருக்காது. அகாந்தூரிட் மீன்களின் லார்வாவைத் தனிப் பேரினமென்றே எண்ணி அந்தக் கால இயற்கையியலாளர்கள் ‘அக்ரோநியூரஸ்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். தாயையும் பிள்ளையையும் இரண்டு வேறு உயிர்களாகப் பதிவேட்டில் எழுதிய துறைக்கு, பிள்ளை எங்கே போகிறது என்ற கேள்வி எழவே நாளாயிற்று.

இந்தக் காலம் எவ்வளவு முக்கியமானது என்பதை முதலில் உரக்கச் சொன்னவர் பவளத்தோடு தொடர்பே இல்லாத ஒரு நார்வேக்காரர். ஹெர்ரிங் மீன்பாடு ஓராண்டு கொட்டுவதும் இன்னோர் ஆண்டு வற்றுவதும் ஏன் என்று தேடிய யோஹான் ஹியோர்ட், பிடிபட்ட மீன்களின் வயதைச் செதில் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தார். 1904-ல் பிறந்த ஒரே தலைமுறை பல ஆண்டுகள் வலைகளை நிரப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. தாய்மீன் எத்தனை இருந்தது என்பதைவிட, பிறந்த குஞ்சுகளில் எத்தனை முதல் வாரங்களைக் கடந்தன என்பதே பின்வரும் மீன்பாட்டைத் தீர்மானிக்கிறது என்று 1914-ல் அவர் எழுதினார். பவளப் பார்களை ஆராய்ந்தவர்கள் இந்தக் கேள்விக்கு வந்து சேர இன்னும் ஐம்பது அறுபது ஆண்டுகள் பிடித்தன. வந்தபோதும் அவர்கள் ஓர் எளிய படத்தை மனத்தில் வைத்திருந்தார்கள். லார்வா நீந்தத் தெரியாத தூசு. நீரோட்டம் அள்ளிக்கொண்டு போகும். ஒரு பாரில் வந்தடையும் குஞ்சுகள் எங்கோ தொலைவில் பிறந்தவை. பிறந்த பாருக்குத் திரும்புவது அரிது. இந்தப் படம் சரியானால் ஒரு தீவை மூடுவதன் பலன் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் யாருக்கோ போகும். பக்கத்து ஊர் மீனவருக்குச் சொல்லும் ஆறுதல் வெறும் பேச்சாகிவிடும்.

அந்தப் படத்தைக் கலைத்தது மீனின் காதுக்குள் இருக்கும் ஒரு கல். கத்தாளை மீனின் தலையை உடைத்துத் தின்றவர்கள் அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்திருப்பார்கள். எல்லா எலும்பு மீன்களுக்கும் அது உண்டு; பார் மீன் குஞ்சுக்கு மணலைவிடச் சிறிதாக இருக்கும். மரத்தின் தண்டில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழுவதுபோல் இந்தச் செவிக்கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழுகிறது என்று 1971-ல் ஜார்ஜோ பனெல்லா கண்டறிந்தார். கல்லை மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், குஞ்சு எந்த நாளில் பிறந்தது, எத்தனை நாள் திறந்த கடலில் இருந்தது, எந்த நாளில் பாரில் அடைந்தது, எந்த வாரம் நன்றாக இரை கிடைத்து வளர்ந்தது, எந்த வாரம் பட்டினி கிடந்தது என்று படித்துவிடலாம். கல்லில் ஓர் அடையாளத்தையும் பதிக்கலாம். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் லிசர்ட் தீவைச் சுற்றி, ஒரு சிறு மீனினத்தின் 1 கோடிக்கும் மேற்பட்ட முட்டைக் கருக்களை டெட்ராசைக்ளினில் நனைத்து ஜெஃப்ரி ஜோன்ஸ் குழுவினர் அடையாளமிட்டார்கள். பின்பு வந்தடைந்த சுமார் 5,000 குஞ்சுகளைப் பிடித்து ஒவ்வொன்றின் செவிக்கல்லையும் புற ஊதா ஒளியில் பார்த்தார்கள். 15 கற்கள் ஒளிர்ந்தன. பதினைந்து என்பது கேட்கச் சிறிய எண்தான். ஆனால் தீவில் இடப்பட்ட மொத்த முட்டைகளில் அடையாளமிட்டவை மிகச் சிறு பங்கே. அதைக் கணக்கில் கொண்டால், தீவுக்கு வந்த குஞ்சுகளில் 15 முதல் 60 விழுக்காடு வரை அங்கேயே பிறந்தவையாக இருக்கலாம் என்று 1999-ல் அறிவித்தார்கள். எங்கிருந்தோ வந்ததாக எண்ணிய பிள்ளைகளில் பாதி அந்த வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்திருக்கக்கூடும்.

அடுத்த சான்று இன்னும் உறுதியானது. பப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவில் 0.3 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள ஒரு சிறு பாரில், தாய் மீன்களுக்குப் பேரியத்தின் அரிய ஐசோடோப் ஒன்றை ஊசிவழி செலுத்தினார்கள். அது முட்டைக்குள் போய்க் குஞ்சின் செவிக்கல் நடுவில் பதிந்தது. பாரில் வந்தடைந்த கோமாளி மீன் குஞ்சுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு அந்த அடையாளத்தோடு இருந்தன. 38 நாள் திறந்த கடலில் கழிக்கும் வண்ணத்துப்பூச்சி மீனிலும் அதே அளவு. 2007-ல் வெளியான இந்த முடிவு, நீரோட்டத்தை மட்டும் கணக்கிட்டு மீனின் தலைவிதியை எழுதியவர்களை யோசிக்க வைத்தது. குஞ்சு தூசு அல்ல என்பது வேறு ஆய்வுகளிலும் தெரிந்துவந்தது. பாருக்கு வரும் தறுவாயில் இருந்த குஞ்சுகளைத் தொட்டியில் ஓடும் நீருக்கு எதிராக நீந்தவிட்டபோது, ஓய்வும் இரையும் இல்லாமல் சராசரியாக 84 மணி நேரம், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீந்தின. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உடலுக்கு இது மலைக்கவைக்கும் தூரம். லிசர்ட் தீவில் செத்த பவளக்கற்களால் 24 சிறு திட்டுகள் கட்டி, பாதியில் நீரடி ஒலிபெருக்கி வைத்து, உயிருள்ள பாரின் இரைச்சலை ஒலிக்கவிட்டார்கள். ஒலி வந்த திட்டுகளில் குஞ்சுகள் கூடுதலாக அடைந்தன. இறால்கள் சொடுக்கும் ஓசையையும் மீன்கள் எழுப்பும் ஓசையையும் இருட்டில் கேட்டுத் திசை பிடிக்கிறது இன்னும் வால் முழுமையாக நிறம் பெறாத ஓர் உயிர்.

மீனவரின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன ஆய்வு அதே பெருந்தடுப்புப் பவளத்திட்டின் கெப்பல் தீவுகளில் நடந்தது. 2004-ல் ஆஸ்திரேலிய அரசு பெருந்தடுப்புப் பவளத்திட்டின் கடல் பூங்காவில் மீன்பிடி தடைப் பகுதியை 5 விழுக்காட்டுக்கும் குறைவிலிருந்து மூன்றில் ஒரு பங்காக உயர்த்தியது. மீன்பிடிப்போர் கொதித்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தீவுகளின் மூடிய பார்களில் இருந்த கலவா வகை மீன், ஒருவகை செப்பிலி மீன் ஆகிய இரண்டின் துடுப்பிலிருந்து துணுக்கு எடுத்து மரபணுவைப் பதிவு செய்தார்கள். பிறகு சுற்றியுள்ள பார்களிலெல்லாம் குஞ்சுகளைப் பிடித்து, தந்தை வழக்கில் நீதிமன்றம் கேட்கும் அதே வகைச் சோதனையால் பெற்றோரைத் தேடினார்கள். மூடிய பகுதி அந்தத் தீவுக்கூட்டத்தின் பார்ப் பரப்பில் 28 விழுக்காடுதான். ஆனால் சுமார் 30 கிலோமீட்டருக்குள் வந்தடைந்த குஞ்சுகளில் பாதிக்கு அதுவே தாய்வீடாக இருந்தது. மூடிய பாரில் பெற்றோர் இருப்பதாக உறுதியான கலவாக் குஞ்சுகளில் 83 விழுக்காடும், செப்பிலிக் குஞ்சுகளில் 55 விழுக்காடும் மீன்பிடிக்கத் திறந்த பார்களில் இருந்தன. 2012-ல் இது வெளியானபோது, சரணாலயம் வெளியே மீன் தருமா என்ற வாதத்துக்கு முதன்முறையாகப் பெயர் சொல்லிப் பேசும் சாட்சி கிடைத்தது.

ஆனாலும் நம் கடற்கரைக்கு அதிகம் பொருந்துவது மானுஸ் தீவில் நடந்தது என்று நினைக்கிறேன். பப்புவா நியூகினியைச் சேர்ந்த அந்தத் தீவில் கடலுக்கும் ஊர் எல்லை உண்டு. எந்தப் பாரில் எந்த ஊர் மீன் பிடிக்கலாம் என்பது வழிவழியாக வரும் உரிமை. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பழவேற்காட்டுப் பாடு முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஊரின் எல்லைக்குள் கலவா மீன்கள் கூடி முட்டையிடும் இடம் ஒன்று இருந்தது. அந்த ஊரார் அதன் ஒரு பகுதியைத் தாங்களே மூடிவைத்திருந்தார்கள். பக்கத்து ஊர்களுக்கு அதில் என்ன பங்கு என்பது யாருக்கும் தெரியாது. மீனவர்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து முட்டையிட வந்த தாய்மீன்களையும், சுற்றுவட்டாரமெங்கும் குஞ்சுகளையும் பிடித்து மரபணுவை ஒப்பிட்டார்கள். குஞ்சுகளில் பாதி, பிறந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டருக்குள் அடைவதாகக் கணக்கு வந்தது. காவல் காத்த ஊருக்கு நல்ல பங்கு கிடைத்தது. பக்கத்து ஊர்களுக்கும் கிடைத்தது. யாருடைய பொறுமையின் பலன் யாருக்குப் போகிறது என்பது முதன்முறையாக எண்ணாக வந்தபின், ஊர்கள் சேர்ந்து பேச ஒரு பொருள் கிடைத்தது. 2013-ல் வெளியான அந்த ஆய்வின் அறிவியல் சிறப்பைவிட, மாதிரிகள் மீனவர் கையால் பிடிக்கப்பட்டவை என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தான் பிடித்துக் கொடுத்த குஞ்சின் பிறப்பிடத்தைச் சோதனை சொல்லும்போது, மீனவர் அதை அதிகாரியின் சுவரொட்டியைப் படிப்பதுபோல் படிக்கமாட்டார்.

மன்னார் வளைகுடாப் பூங்காவின் நலத்தைப் பேசும்போது வழக்கமாக முன்வைக்கப்படுவது உயிருள்ள பவளத்தின் பரப்பு, வெளுத்ததன் விழுக்காடு, ஆவுளியா, கடல்புல் பரப்பு ஆகியவை. இவையெல்லாம் வேண்டிய அளவீடுகள். ஆனால் பாம்பனிலோ வேம்பாரிலோ வல்லம் வைத்திருப்பவர் கேட்பது வேறு. அந்தத் தீவில் விட்ட ஓராவும் விளமீனும் என் பக்கம் வருகிறதா? இதற்கு ஆஸ்திரேலியாவிலும் பப்புவாவிலும் ‘ஆம்’ என்று வந்திருக்கிறதே, அதை எடுத்துக்காட்டினால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். செலவு மிச்சம், அறிவியல் எங்கும் ஒன்றுதானே என்றும் சொல்லலாம். எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். நான் இதை ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் அந்த ஆய்வுகளே தருகின்றன. ஒரே விரிகுடாவில் 11 நாள் குஞ்சும் 38 நாள் குஞ்சும் ஒரே அளவில் வீடு திரும்பின. கெப்பலில் ஒரே பார்களில் வாழ்ந்த இரண்டு மீன்களில், வெளியே போன பங்கு 83, 55 என்று பிரிந்தது. திறந்த கடலுக்கே போகாமல் பெற்றோரின் பக்கத்திலேயே குஞ்சுகள் வளரும் ஒரு பார் மீனினமும் ஆஸ்திரேலியப் பக்கத்தில் உண்டு. ஆக, நாள் கணக்கை வைத்தோ தூரத்தை வைத்தோ ஒரு கடலின் விடையை இன்னொரு கடலுக்கு எழுத முடியாது. நம் கடலின் நடை வேறு. தென்மேற்குப் பருவத்தில் ஒரு பக்கம் ஓடும் நீவாடு (நீரோட்டம்) வடகிழக்குப் பருவத்தில் திசை மாறுகிறது; பாம்பன் வழியாகப் பாக் விரிகுடாவோடு நடக்கும் நீர்ப் பரிமாற்றமும் அதோடு மாறுகிறது. ஜூனில் முட்டையிடும் மீனின் குஞ்சும் டிசம்பரில் முட்டையிடும் மீனின் குஞ்சும் ஒரே தீவில் பிறந்தாலும் ஒரே இடம் சேர வேண்டியதில்லை. இங்கே பார்கள் கரையை ஒட்டி, ஆழம் குறைந்து, கலங்கிய நீரில் இருக்கின்றன. கலங்கல் குஞ்சின் பார்வையையும் இரை பிடிப்பதையும் பாதிக்கும். இரவல் எண்ணை வைத்துக்கொண்டு மீனவரிடம் பேசினால், அவர் ஒரே கேள்வியில் நம் வாயை அடைத்துவிடுவார்: இங்கே பார்த்தீர்களா?

இன்னொரு எதிர்வாதம் அவசரத்திலிருந்து வருகிறது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்துக்கொண்டிருக்கிறது. வீடு எரியும்போது பிள்ளைகளின் பயணத்தை ஆராய நேரமேது என்கிறார்கள். ஆனால் வெளுத்த பார் மீளுமா என்பதே புதிதாக வந்தடையும் உயிர்களைப் பொறுத்தது. லிசர்ட் தீவில் வெளுப்புக்குப் பிறகு பாரின் ஓசை தணிந்ததையும், அந்தத் தணிந்த ஓசை முன்புபோல் குஞ்சுகளை இழுக்கவில்லை என்பதையும் 2018-ல் கண்டார்கள். மறு ஆண்டு வெளியான ஆய்வில், சிதைந்த பாரில் நலமான பாரின் ஓசையை ஒலிக்கவிட்டபோது மீன்கள் இருமடங்காயின. ஒலிபெருக்கியால் பவளத்தைக் காப்பாற்றலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிதைவு எந்த வழியாகச் சிதைவைப் பெருக்குகிறது என்பதை இது காட்டுகிறது: பார் ஓய்ந்தால் குஞ்சு வராது; பாசி மேயும் மீன்களின் குஞ்சு வராவிட்டால் பாசி பவளத்தை மூடும். எந்தத் தீவு மற்றத் தீவுகளுக்குக் குஞ்சு அனுப்பும் தாய்ப் பார் என்று தெரிந்தால், இருக்கிற கொஞ்சக் காவலையும் பணத்தையும் அங்கே முதலில் வைக்கலாம். நீர் சூடாகும்போது குஞ்சுகள் விரைந்து வளர்ந்து கடலில் தங்கும் நாள் குறையும். பயணத் தூரமும் அதோடு சுருங்கக்கூடும். அப்படியானால் இன்று ஒன்றுக்கொன்று குஞ்சு கொடுக்கும் இரண்டு பார்கள் நாளை தனித்துப்போகலாம். அவசரம் இருப்பதால்தான் இந்தக் கணக்கு வேண்டும் என்கிறேன்.

ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் எப்படியும் சாகப்போகிறது, இதில் என்ன கணக்கு என்ற அலட்சியமும் உண்டு. சாவு இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் சிறு மாற்றம் பெரிதாகிறது. நூறில் 99 சாவதற்குப் பதில் 98 செத்தால் வலையில் ஏறும் மீன் இருமடங்கு. பாரில் வந்தடைந்த முதல் ஓரிரு நாளிலேயே குஞ்சுகளில் பாதிக்கு மேல் இரையாகிவிடுகின்றன என்று பல இனங்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்த ஓரிரு நாளில் ஒளிய இடமிருந்தால் வேறு கதை. தாய்மீனின் கணக்கும் நம் ஊகத்துக்கு மாறானது. மெக்சிகோ வளைகுடாவின் செப்பிலி மீன் ஒன்று 61 சென்டிமீட்டர் வளர்ந்தால், 42 சென்டிமீட்டர் உள்ள 212 மீன்கள் சேர்ந்து இடும் முட்டையைத் தனியாக இடும். பெரிய கலவாவையும் பெரிய செப்பிலியையும் தேடிப் பிடித்து ஏற்றுமதிக்கு அனுப்பும் வணிகம், எண்ணிக்கையில் கொஞ்சம்தான் எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பிறப்பின் பெரும்பங்கை எடுத்துவிடுகிறது.

நம்மிடம்தான் தடைக்காலம் இருக்கிறதே என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துவது நல்ல ஏற்பாடு. ஆனால் பார் மீன்கள் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முட்டையிட்டு முடிப்பதில்லை. பிறந்தநாளைச் செவிக்கல் சொல்லும். எந்த இனத்துக்கு எந்த மாதம் முக்கியம் என்று அதைக் கொண்டு தீர்மானிக்கலாம். செயற்கைப் பார்களின் நிலையும் இதுதான். கடலுக்குள் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கியபின் அங்கே மீன் கூடுவது உண்மை. கூடிய மீன் புதிதாகப் பெருகியதா, பக்கத்துப் பாரிலிருந்து நகர்ந்ததா என்று உலகெங்கும் வாதம் நடக்கிறது. நகர்ந்ததென்றால், பிடிக்க வசதியாக மீனை ஓரிடத்தில் கூட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று பொருள். புதிய குஞ்சுகள் அங்கே வந்தடைகின்றனவா என்று பார்க்காமல் இதற்கு விடை இல்லை. குஞ்சு பொரிப்பகங்கள் இயற்கைக்கு மாற்றாகும் என்ற நம்பிக்கையைப் பொறுத்தவரை, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் கடல் விரால் குஞ்சுகளை வளர்த்துக்காட்டியது பெருமைக்குரிய வெற்றிதான். அந்த வெற்றி எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். வாய் திறந்த சில நாளில் எந்த அளவு இரை, எந்த வெப்பம், எந்த ஒளி என்று லார்வாவின் தேவையைக் கற்றதால் வந்தது. தொட்டியில் கற்ற பாடத்தைக் கடலிலும் கற்க முடியும். அதற்கான ஆட்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இந்தத் துறையின் சில முடிவுகளே ஆட்டம் கண்டிருக்கின்றன என்று நன்கு படித்தவர்கள் சுட்டிக்காட்டலாம். அவர்கள் சொல்வது சரி. கடல்நீர் அமிலமாகும்போது கோமாளி மீன் குஞ்சுகள் மோப்பம் குழம்பி, எதிரி இருக்கும் பக்கமே நீந்துகின்றன என்று 2009-ஐ ஒட்டி வந்த முடிவுகள் உலகெங்கும் தலைப்புச் செய்தியாயின. 2020-ல் வேறொரு குழு பல இனங்களில் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு தென்படவில்லை. பல ஆண்டுகள் வகுப்பிலும் மேடையிலும் சொல்லப்பட்ட ஒன்று கேள்விக்குள்ளானது. இதைக் கொண்டு லார்வா ஆராய்ச்சியே வேண்டாம் என்று முடிவுகட்டினால், எந்தச் சோதனை அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்ததோ அதையும் சேர்த்துத் தள்ளுகிறோம். செவிக்கல் வளையமும் மரபணுத் தந்தைச் சோதனையும் வேறு வேறு கடல்களில், வேறு வேறு கைகளில், திரும்பத் திரும்பச் செய்யப்பட்டவை. கண்ணாடித் தொட்டியில் குஞ்சின் நடத்தையைக் கண்ணால் பார்த்து எழுதும் சோதனைக்குத் தளர்வு அதிகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வெளியூர் முடிவை மேற்கோள் காட்டிக் கொள்கை வகுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கும் இதுவே பாடம்.

வேண்டியது பெரிய கப்பலோ விண்கலமோ அல்ல. இரவில் பாரோரம் மிதக்கவிடும் விளக்குப் பொறி, ஆஸ்திரேலியாவில் 1980-களிலிருந்து பயன்பட்டுவரும் கருவி. ஒளியைத் தேடிவரும் குஞ்சுகளை உயிரோடு பிடித்துவைக்கும். பல இனங்கள் பாரில் அடைவது அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்களில். ஆகவே மாதத்தில் சில இரவுகள், ஆண்டு முழுதும், சில தீவுகளில், விடாமல் பத்தாண்டு. செலவு பிடிப்பது அந்த ‘விடாமல்’ என்ற சொல்லுக்குத்தான். மூன்றாண்டுத் திட்டம், முடிவில் ஓர் அறிக்கை, அடுத்த திட்டத்துக்கு வேறு தலைப்பு என்று நடக்கும் நிதி முறையில், 1904-ஐப் போல் ஒரு தலைமுறை பிறந்தாலும் நம் கண்ணில் படாது. பிடித்த குஞ்சை இனம் பிரிக்கவும் ஆள் வேண்டும். பிள்ளைக்குத் தாயின் சாயல் இல்லாத உலகில், மில்லிமீட்டர் உடலின் முள்ளையும் புள்ளியையும் பார்த்துப் பெயர் சொல்பவர் உருவாகப் பத்தாண்டு ஆகும். அவருக்கு ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையில் பரிசு கிடைக்காது. மரபணு வரிசை இந்த வேலையை எளிதாக்கினாலும், ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர் இனங்களின் பதிவு முதலில் வேண்டும். பொறியை இறக்கி ஏற்றுவதற்கும் துடுப்புத் துணுக்கு எடுப்பதற்கும் தீவோர ஊர்களின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கூலி கொடுத்துப் பயிற்சி தரலாம். பார் எங்கே, நீவாடு எப்போது திரும்பும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விடை சரணாலயத்துக்குச் சாதகமாகவே வரும் என்று நான் உறுதி கூறமாட்டேன். சில தீவுகள் சுற்றுவட்டாரத்துக்கு வாரி வழங்குவதாகவும், சில தமக்குள்ளேயே அடங்கிவிடுவதாகவும் தெரியவரலாம். மன்னார் வளைகுடா இரண்டு நாடுகளின் கடல். கற்பிட்டிக்கு அருகே இலங்கை 1992-ல் சரணாலயமாக்கிய பார் ரீஃப் பகுதியோடு நம் பார்கள் குஞ்சு கொடுக்கல் வாங்கல் செய்வதாகத் தெரிந்தால், எல்லை தாண்டிய படகுகளைப் பற்றி மட்டுமே பேசும் இரு அரசுகளும் எல்லை தாண்டிய குஞ்சுகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். பூங்காவுக்கு வெளியே, இன்று வலை விழும் ஏதோ ஒரு பார்தான் இந்தப் பகுதிக்கே தாய்ப் பார் என்று வந்தால் மீனவருக்குக் கசக்கும். பல ஆண்டுகளாக மூடிய ஒரு தீவு வெளியே எதையும் தரவில்லை என்று வந்தால் வனத்துறைக்குக் கசக்கும். தேசியப் பூங்காவின் எல்லையை மாற்றத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். முடிவு கையில் வந்தபின் அந்தப் படியேறத் தொடங்கினால், ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். எந்த விடைக்கு எந்தப் பார் மூடப்படும், எந்த விடைக்கு எந்தத் தீவோரம் தூண்டிலுக்கும் பாசிக்கும் திறக்கப்படும் என்று மீனவர் சங்கங்களும் மீன்வளத் துறையும் வனத்துறையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் விளக்குப் பொறி நீரில் இறங்குவதற்கு முன்பே அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.